பழமொழிகளைக் கலந்து பேசும் உறவினரின் சொற்களைத் தொகுத்து வைப்பது எப்படி?

என் அத்தைக்கு எந்தப் பேச்சையும் பழமொழி சொல்லாமல் முடிக்க வராது. அந்தப் பழமொழிகளிலோ பாதிக்கு மேல் ஒன்றின் தலையும் மற்றொன்றின் வாலுமாக ஒட்டிப் பிறந்தவை. உண்டியலை உடைத்துச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்த பேரனைப் பார்த்து ஒருநாள் அவர், "எண்ணுடா எண்ணு, சிறு துளி பல்குத்த உதவும்" என்று மனநிறைவோடு சொன்னார். சிறு துளி பெருவெள்ளமாக வேண்டும். பல்குத்த உதவ வேண்டியது சிறு துரும்பு. பையனுக்கு இரண்டு பழமொழிகளும் தெரியாது என்பதால் தலையை ஆட்டிவிட்டு எண்ணுவதைத் தொடர்ந்தான். பெரியவர்களாகிய நாங்கள்தான் அடுத்த அறைக்குப் போய்ச் சிரித்தோம்.

இப்படி ஒருவர் இல்லாத குடும்பம் குறைவு. அவர் சொன்னதை உறவினர் கூடும் இடங்களில் சொல்லிச் சிரிக்க ஆள் உண்டு. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கேட்டால், "அத்தை ஏதோ வேடிக்கையாகச் சொல்லுவாங்களே" என்பது மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கும். என்ன சொன்னார் என்பது ஒருவருக்கும் நினைவிருக்காது. நான் சில ஆண்டுகளாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். தொடக்கத்தில் நான் செய்த பிழைகளால் நல்ல கலவைகள் பல கெட்டுப்போயின. அவற்றை நீங்களும் செய்யாமலிருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் குறிப்புகள்.

வாலை முதலில் பிடியுங்கள்

நான் செய்த முதல் பிழை, பகலில் கேட்டதை இரவில் நினைவிலிருந்து எழுதியது. நம் மனம் கேட்டதைக் கேட்டபடி வைத்துக்கொள்ளாது. தெரிந்த பழமொழியின் பக்கம் அதை மெல்லத் தள்ளிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எங்கள் நலனில் திடீரென்று அக்கறை காட்டியபோது அத்தை சொன்னதை நான், "ஆடு நனைகிறதே என்று ஓநாய் கூடம் கோணல் என்றதாம்" என்று எழுதி வைத்திருந்தேன். உடனிருந்து கேட்ட என் தங்கை அதைப் படித்துவிட்டு, ஓநாய் எங்கேயும் வரவில்லை என்று அடித்துச் சொன்னாள். அத்தை சொன்னது, "ஆடு நனையுதேன்னு கூடம் கோணல்னாளாம்" என்பதுதான். ஓநாயைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். அழுவதற்கு ஓநாயும் இல்லாமல், ஆடத் தெரியாதவளும் இல்லாமல், யாரோ ஒருத்தி ஆட்டைப் பார்த்துக் கூடத்தைக் குறை சொல்வதில் இருக்கும் வேடிக்கை என் எழுத்தில் காணாமல் போயிருந்தது.

ஆகவே கேட்ட சில நிமிடங்களுக்குள் எழுதிவிட வேண்டும். கைப்பேசியிலோ கிடைத்த தாளிலோ எழுதலாம். இரண்டும் கைக்கெட்டாத நேரத்தில் நான் கண்டுபிடித்த உபாயம் ஒன்று உண்டு: கேட்டதை முழுவதுமாக மனத்துக்குள் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், கடைசி இரண்டு சொற்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதற்பாதியைச் சொல்லிப் பார்த்தால் அது தனக்குப் பழக்கமான பிற்பாதியை இழுத்து வந்துவிடும்; நீங்கள் கேட்ட பிற்பாதி கரைந்துவிடும். வாலைப் பிடித்திருந்தால் தலை எங்கும் போகாது.

எழுதும்போது பேச்சு வழக்கில், அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள். "வச்சா" என்றால் "வச்சா". "வைத்தால்" என்று திருத்த வேண்டாம். "னாளாம்", "னானாம்" என்ற முடிவுகளில்தான் பல கலவைகளின் ஓசை இருக்கிறது. இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்பதும் வீண். கேட்டவுடன் அவர் நிதானித்துச் சரியான பழமொழியைச் சொல்லிவிடுவார், அல்லது நாம் எதற்குக் கேட்கிறோம் என்று சந்தேகப்பட்டு அன்று முழுவதும் பழமொழியே சொல்லாமலிருந்துவிடுவார். குரலைப் பதிவு செய்ய விரும்பினால் அவரிடம் சொல்லி இசைவு பெற்ற பிறகே செய்யுங்கள். மறைவாகப் பதிவு செய்வது வீட்டுக்குள்ளும் தவறுதான்.

சந்தர்ப்பம் இல்லாமல் எழுதாதீர்கள்

தொல்காப்பியம் செய்யுளியலில் முதுமொழிக்கு இலக்கணம் சொல்லும்போது நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை முதலியவற்றைக் குறிப்பிட்டு, அது "குறித்த பொருளை முடித்தற்கு" வருவது என்று சொல்கிறது. பேச்சில் ஏற்கெனவே ஒரு பொருள் நடந்துகொண்டிருக்கிறது. அதை முடித்து வைக்கப் பழமொழி வருகிறது. கலவைப் பழமொழிக்கும் இதே வேலைதான். எந்தப் பொருளை முடிக்க வந்தது என்பதை எழுதாவிட்டால் மிஞ்சுவது பொருளற்ற சொற்கோவை மட்டுமே.

என் குறிப்பேட்டில் ஓரிடத்தில், "போதும் என்ற மனமே பாதி கிணறு" என்று மட்டும் இருந்தது. ஓராண்டு கழித்துப் படித்தபோது பொன் செய்யும் மருந்தும் பாதிக் கிணறு தாண்டியவனும் மோதிக்கொண்டதாகத் தெரிந்ததே தவிரச் சிரிப்பு வரவில்லை. பிறகு தங்கைதான் நினைவூட்டினாள்: தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகன், கிடைத்த வேலையே போதும் என்று புத்தகத்தை மூடி வைத்த அன்று அத்தை அவனைப் பார்த்துச் சொன்னது அது. அந்தச் சந்தர்ப்பத்தில் வைத்துப் பார்த்தால், அந்த ஒரு வரியில் அத்தை சொல்ல நினைத்தது முழுவதும் இருக்கிறது. மூலப் பழமொழிகள் இரண்டையும் தனித்தனியே சொல்லியிருந்தாலும் அவ்வளவு பொருந்தியிருக்காது. யாரிடம் சொன்னார், எதைப் பற்றிச் சொன்னார், கேட்டவர் என்ன செய்தார் என்று மூன்று செய்திகள் ஒவ்வொரு குறிப்பின் கீழும் இருக்கட்டும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். சிரித்தார்களா, கவனிக்காமல் விட்டார்களா, ஒப்புக்கொண்டு தலையாட்டினார்களா என்பதிலிருந்துதான் அது எந்த வகைக் கலவை என்பதைப் பின்னால் கண்டுகொள்ள முடியும்.

ஒட்டு எங்கே விழுந்திருக்கிறது?

தொகுப்பில் இருபது முப்பது சேர்ந்த பிறகு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கலாம். என்னைப் பொறுத்தவரை இந்த முயற்சியில் சுவையான பகுதி இதுதான். மறதியால்தான் இப்படி வருகிறது என்று வீட்டில் சொல்வார்கள். பிரித்துப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். நம் பழமொழிகளில் பெரும்பாலானவை இரண்டு உறுப்புகள் உடையவை. மோனையும் எதுகையும் அந்த உறுப்புகளைக் கொக்கி போட்டு மாட்டியிருக்கின்றன. எழுத்தறியாதவரும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி அமைந்த கொக்கிகள் அவை. ஆனால் ஒரே அளவுள்ள கொக்கிகள் நிறைய இருந்தால், ஒன்றில் மாட்ட வேண்டியது இன்னொன்றில் மாட்டிக்கொள்ளத்தானே செய்யும்? பழமொழிகளை நிறையத் தெரிந்து வைத்திருப்பவரிடம்தான் இது நடக்கிறது. இரண்டே பழமொழி தெரிந்தவருக்குக் கலக்க என்ன இருக்கிறது?

ஒட்டு பெரும்பாலும் முதற்சொல்லில் விழும். "யானை வரும் பின்னே, அடி சறுக்கும் முன்னே" என்பது அத்தையின் புகழ்பெற்ற சொற்களில் ஒன்று. புதிதாகப் பொறுப்பேற்கவிருந்த மேலதிகாரியைப் பற்றி மாமா சொல்லிக்கொண்டிருந்தபோது வந்தது. மணியோசை முன்னே வர வேண்டிய யானையும், அடி சறுக்குகிற யானையும் ஒரே யானையாகிவிட்டன. இதே வகையில் இன்னொன்று: அண்ணன் தன் தம்பியை ஓயாமல் கடிந்துகொண்டிருந்தபோது, "அடி மேல அடி அடிச்சா அண்ணன் தம்பிகூட உதவ மாட்டான்" என்றார். அம்மியை நகர்த்தும் அடியும், அண்ணன் தம்பியைவிட அதிகம் உதவுவதாகச் சொல்லப்படும் அடியும் இங்கே சேர்ந்திருக்கின்றன. அடி உதவும் என்று சொல்லும் பழமொழியே தலைகீழாகி, அடித்தால் உறவு போகும் என்று ஆகிவிட்டது. இதில் எனக்கு மூலத்தைவிடக் கலவையே பிடித்திருக்கிறது.

சொல் ஒன்றாக இல்லாமல் ஓசை மட்டும் ஒத்திருந்தாலும் போதும். முன்பு சொன்ன "ஆடு நனையுதேன்னு" என்பதில் ஆடு பெயர்ச்சொல். "ஆடத் தெரியாதவள்" என்பதில் ஆடுவது வினை. இரண்டுக்கும் ஓசையைத் தவிர உறவில்லை. "வினை விதைச்சவன் முளையிலேயே தெரிவான்" என்பதில் "வினை" என்ற ஒலி "விளையும் பயிர்" என்பதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. விதைப்பும் முளைப்பும் பக்கத்தில் இருப்பதால் பொருளும் கைகொடுத்திருக்கிறது. எண்கள் வரும் பழமொழிகளைக் கூர்ந்து கேளுங்கள். "அஞ்சுல வளையாதது ஆறுலயும் வளையாது, நூறுலயும் வளையாது" என்று ஒருமுறை அத்தை சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஐம்பதில் வளையுமா என்று கேட்டு நிறுத்துவதைவிட அது அழுத்தமாக இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஓசை ஒத்துவராமல் பொருள் மட்டும் ஒத்துவரும் கலவைகளைப் பிடிப்பதுதான் கடினம். "எறும்பு ஊர ஊர அம்மியும் நகரும்" என்று அவர் சொன்னதை நானே ஒரு வாரம் கவனிக்கவில்லை. எறும்பு ஊரக் கல் தேய வேண்டும். அம்மி நகர்வதற்கு அடி மேல் அடி விழ வேண்டும். இரண்டும் விடாமுயற்சியைச் சொல்வதால் காது எதையும் தடுத்து நிறுத்துவதில்லை. இந்த வகையைச் சேர்க்க வேண்டுமென்றால், அவர் சொல்லும் ஒவ்வொரு பழமொழியையும், சரியாகச் சொன்னதாகத் தோன்றுவதையும் சேர்த்து, ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். சரி என்று நினைத்தவற்றில் சில கலவைகளாக இருக்கும்.

சொற்றொடரின் அச்சு ஒன்றாக இருப்பதால் வருபவையும் உண்டு. "குரங்கு கையில கற்பூர வாசனை", "வல்லவனுக்குப் புல்லும் தண்டல்காரன்" என்பவை அப்படி வந்தவை. இவற்றைப் பிரிப்பது எளிது என்பதால் இங்கே அதிகம் சொல்லவில்லை.

மூலத்தைத் தேடும்போது

ஒட்டைக் கண்டுபிடித்த பிறகு இரண்டு மூலங்களையும் சரிபார்த்து எழுத வேண்டும். வீட்டிலும் உறவிலும் உள்ள முதியவர் இருவரிடமாவது தனித்தனியே கேளுங்கள்; ஒரே பழமொழிக்கு இரண்டு வடிவம் கிடைத்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அச்சில் தேட விரும்புவோருக்குப் பழைய தொகுப்புகள் உதவும். பீட்டர் பெர்சிவல் 1874-இல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் அகரவரிசையில் உள்ளன. முதற்சொல் தெரிந்திருந்தால் அதில் தேடலாம். ஹெர்மன் ஜென்சன் 1897-இல் வெளியிட்டது பொருள்வாரியாக வகுக்கப்பட்டது. கருத்து மட்டும் தெரிந்து சொல் பிடிபடாதபோது அது பயன்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "சரியான" வடிவம் என்று நாம் நம்புவதே பல தலைமுறைகளின் வாயில் உருமாறி வந்ததாக இருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்று இன்று சொல்கிறோம். பழமொழி நானூற்றில் அது "நுணலும் தன் வாயால் கெடும்" என்றிருக்கிறது. பாம்பின் கால் பாம்பறியும் என்பது அங்கே "பாம்பறியும் பாம்பின கால்". நுணல் என்ற சொல் வழக்கிலிருந்து மறைந்து அந்த இடத்தில் தவளை வந்து உட்கார்ந்ததை யாரும் பிழை என்று சொல்வதில்லை. என் அத்தை செய்வது அதைவிடச் சற்று வேகமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்ற பழமொழியில் இருப்பது குதிரையே அல்ல, ஆற்று மணல் திட்டாகிய குதிர்தான் என்று விளக்குவார்கள். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியுமா என்பது உண்மையில் கழு என்ற கோரையைத் தைப்பதைப் பற்றியது என்பார்கள். கேட்க அழகாகவே இருக்கின்றன. ஆனால் அழகாக இருப்பதாலேயே ஒரு விளக்கம் சான்றாகிவிடாது. பழைய நூலிலோ பழைய அச்சிலோ அந்த வடிவத்தைக் காணும்வரை இத்தகைய விளக்கங்களைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூலம் என்ற இடத்தில் எழுத வேண்டாம். அவற்றைக் காட்டி உறவினரைத் திருத்தப் போவது இன்னும் மோசம்.

திருத்துவதா, விடுவதா?

பெரும்பாலும் விட்டுவிடுங்கள். நாலு பேர் முன்னால் திருத்தினால் சொன்னவரின் முகம் வாடும், பேச்சும் அறுபடும். நாங்கள் தொடக்கத்தில் அடுத்த அறைக்குப் போய்ச் சிரித்தோம் என்று சொன்னேன் அல்லவா, அதையும் நிறுத்திவிட்டோம். கூட்டமாக எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் விஷயம் புரிந்துவிடும். அங்கேயே, அவரோடு சேர்ந்து சிரிக்க முடியுமானால் சிரிக்கலாம். "அத்தை, அம்மி எப்போ நகர ஆரம்பிச்சுது?" என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, "நீ எறும்பைப் பாருடா, அம்மி தானா நகரும்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் எதைத் திருத்துவது?

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் அவரிடம் கேட்டுக் கட்டுரையில் எழுதப் போனால், பிள்ளையிடம் தனியாகச் சரியான வடிவத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். பாட்டி சொன்னது தவறு என்று சொல்லாமல், புத்தகத்தில் இப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். மேடையில் பேசவோ அழைப்பிதழில் அச்சிடவோ போகிறார் என்றால் முன்கூட்டியே அவரிடமே சொல்லிவிடுவது மரியாதை. துக்கம் விசாரிக்கப் போகும்போது மட்டும் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே ஒரு கலவை விழுந்தால் உடனே வேறு பேச்சைத் தொடங்குவதற்காக.

முற்றிலும் வேறான ஒன்றையும் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் இப்படிப் பேசி வந்தவரைப் பற்றியே இதுவரை எழுதினேன். எப்போதும் சீராகப் பேசி வந்த ஒருவர் திடீரென்று சொற்களை மாற்றிப் போடுகிறார், சொல் கிடைக்காமல் தவிக்கிறார், பேச்சு குழறுகிறது, கூடவே முகம் ஒருபக்கம் கோணுகிறது அல்லது ஒரு கை பலமிழக்கிறது என்றால் அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மோசமாகி, பழகிய பெயர்களும் மறக்கத் தொடங்கினாலும் மருத்துவரிடம் காட்டுவதே முறை. குறிப்பேட்டைத் தேதியிட்டு எழுதி வந்திருந்தால், மாற்றம் எப்போது தொடங்கியது என்று சொல்ல அதுவே உதவும்.

போலிகளும் வரிசையும்

நீங்கள் எழுதுவது தெரிந்துவிட்டால் வீட்டில் போலிகள் கிளம்பும். எங்கள் மாமா, குறிப்பேட்டில் தன் பெயரும் வர வேண்டும் என்ற ஆசையில் தானே கலவைகளைச் செய்யத் தொடங்கினார். "முதல் கோணல் முற்றும் முக்காடு" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சொல்லும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்வார். போலியைக் கண்டுகொள்ள இதைவிடச் சிறந்த அடையாளம் எனக்குத் தெரியவில்லை. மாமாவுடையதையும் எழுதியிருக்கிறேன், ஆனால் கடைசிப் பக்கத்தில், தனித் தலைப்பின் கீழ்.

அகரவரிசையில் அடுக்க நினைத்துக் கைவிட்டேன். அகரவரிசை மூலத்தைத் தேட உதவும். படிக்கச் சுவையாக இருக்காது. இப்போது காலவரிசையில் எழுதி, இடப்பக்கத்தில் அவர் சொன்னதையும் சந்தர்ப்பத்தையும், வலப்பக்கத்தில் மூலங்களையும் ஒட்டு விழுந்த இடத்தையும் வைத்திருக்கிறேன். வலப்பக்கத்தில் பாதியைக் காலியாக விடுங்கள். உறவினரிடம் ஒருநாள் குறிப்பேட்டைக் காட்டத்தான் வேண்டும். அவருக்குத் தெரியாமல் அவருடைய சொற்களைப் பிறருக்குப் படித்துக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிக் காட்டும்போது அந்தக் காலி இடம் தேவைப்படும்.

நான் காட்டியபோது அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார். சிலவற்றுக்குச் சிரித்தார். யானை பற்றியதைத் தான் சொல்லவே இல்லை என்று சாதித்தார். பிறகு குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "எழுதிக்கோ, எழுதிக்கோ. மின்னுவதெல்லாம் பால்னு நினைக்கிறவ இல்லை நான்" என்றார். வலப்பக்கத்தில் தேதியைப் போட்டு அதை எழுதிக்கொண்டேன்.